குடும்பத்தை நினைத்துப் பார்

மேல் ஆஸ்திரியாவின் மேற்கு ஓரத்தில், சால்சாக் ஆறு அந்நாட்டையும் ஜெர்மனியின் பவேரியாவையும் பிரித்துக்கொண்டு ஓடும் பகுதியில், சாங்ட் ராடெகுண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. லின்ஸ் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் அங்கு வாழ்ந்தனர். ஒரு கோவில், கல்லறைத் தோட்டம், சில பண்ணை வீடுகள், மாடுகள், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைத் தவிர அயலூரார் வந்து பார்க்கத்தக்கது எதுவும் அவ்வூரில் இருக்கவில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆங்கிலத் திரைப்படம் இவ்வூரைப் பனிமலைகளின் மடியில் கிடப்பதாகக் காட்டியது. அந்தக் காட்சிகளுள் பெரும்பாலானவை இத்தாலியின் தென் திரோலில் எடுக்கப்பட்டவை. உண்மையான சாங்ட் ராடெகுண்ட் தாழ்ந்த குன்றுகளும் வயல்களும் உள்ள எளிய வேளாண் ஊர். இட்லர் பிறந்த பிரௌனாவ் நகரம் அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை.

இவ்வூரின் லேயர் பண்ணையில் வாழ்ந்த ஃபிரான்ட்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்னும் உழவர், இட்லரின் படையில் சேர்ந்து போரிட மறுத்ததற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். 2007-இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. அவரைப்பற்றி நம்மிடையே ஓரளவு பேசப்படுகிறது. அவருடைய வீட்டில் எஞ்சியிருந்தவர்களைப்பற்றிப் பேசுவார் குறைவு. மறைசாட்சியின் வாழ்வு ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் மாடு கறக்க எழவேண்டியிருந்தவர்களுடைய வாழ்வு முடியவில்லை. அந்த வீட்டின் வரலாற்றை முற்றத்தில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வரலாறு ஃபிரான்ட்சுக்கு முன்பே, அவருடைய தாயிடம் தொடங்குகிறது. ரோசாலியா ஹூபர் என்னும் அப்பெண் பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்தவர். 1907 மே 20-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். குழந்தையின் தந்தையும் அவரைப் போலவே பண்ணையாள்தான். இருவருக்கும் சொந்தமாக நிலமோ வீடோ இல்லை. எனவே திருமணமும் இல்லை. அக்காலத்து ஆல்ப்ஸ் நாட்டுப்புறங்களில் இது அரிய செய்தியன்று. நிலம் உடையவனுக்கே மணவாழ்வு என்பது எழுதாத சட்டமாக இருந்தது. வேலையாட்களின் குழந்தைகள் பாட்டிமாரின் வீடுகளில் வளர்ந்தனர். ஊராரின் நாவில் முறை தவறிப் பிறந்தவர்கள் என்ற பெயரைச் சுமந்தனர். பாவம் என்று கோவிலில் கண்டிக்கப்பட்டது இரு வேலையாட்களின் செயல். அவர்களை அந்நிலையில் வைத்திருந்த நில உரிமை முறையை எந்தப் பிரசங்கமேடையும் பாவம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

சிறுவன் ஃபிரான்ட்சை அவனுடைய பாட்டி வளர்த்தார். பக்தியுள்ள பெண்மணி. வீட்டில் வறுமை, பள்ளியில் அவ்வறுமைக்குரிய ஏளனம். முதல் உலகப்போர் வந்தது, பசி வந்தது. பெயரளவில் மட்டுமே தந்தையாக இருந்தவர் அப்போரில் மாண்டார். 1917-இல் ரோசாலியாவின் வாழ்வில் ஒரு கதவு திறந்தது. லேயர் பண்ணையின் உரிமையாளரான ஹைன்ரிக் யேகர்ஸ்டேட்டர் அவரை மணந்துகொண்டார். மகனையும் சட்டப்படி தத்தெடுத்துத் தம் குடும்பப் பெயரைத் தந்தார். பத்து வயதுப் பையனுக்கு ஒரே நாளில் பெயரும் நிலமும் கிடைத்தன. புதிய தாத்தாவின் வீட்டில் புத்தகங்களும் இருந்தன. படிப்பவனுக்குத்தான் எதை நம்புவது என்று தெரியும் என்ற எண்ணம் அப்போது அவனுக்குள் வேரூன்றியது. பிற்காலத்தில் தம் ஞானப்பிள்ளை ஒருவனுக்கு எழுதிய கடிதத்திலும் வாசிப்பை அவர் வற்புறுத்தினார்.

இளமையில் அவர் சாதுவாக இருந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. அடிதடிகளில் முன்னிற்பவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். ஸ்டைரியா மாநிலத்தின் ஐசனெர்ஸ் இரும்புச் சுரங்கத்தில் சில ஆண்டுகள் வேலை செய்து, அந்தப் பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு திரும்பினார். அதற்கு முன் அவ்வூர் மோட்டார் சைக்கிளைக் கண்டதில்லை. 1933-இல் வளர்ப்புத் தந்தை இறக்கப் பண்ணை அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் ஒரு பண்ணைப் பணிப்பெண்ணுக்கு அவரால் ஒரு மகள் பிறந்தாள். தாயின் கதை இன்னொரு வீட்டில் மீண்டும் நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, திருச்சபையும் மறைக்கவில்லை. திருமணம் நடைபெறவில்லை. ஆயினும் அவர் அக்குழந்தையைத் தம் மகளாக ஏற்று, அதன் பராமரிப்புக்குக் கொடுத்து வந்தார். சென்று பார்த்தும் வந்தார்.

1936-இல் புனித வியாழனன்று அவர் ஃபிரான்சிஸ்கா ஷ்வானிங்கரை மணந்தார். அவர் பக்கத்து ஊரான ஹோக்புர்க்கின் உழவர் குடும்பத்துப் பெண், 1913-இல் பிறந்தவர், ஒருகாலத்தில் துறவறம் புக எண்ணியவர். மதுவும் நடனமுமாக நாள் முழுவதும் ஊரே கூடிக் கொண்டாடும் கல்யாணங்களுக்கிடையே, இவர்கள் விடியற்காலையில் மணம் முடித்து நேரே உரோமைக்குப் பயணமானார்கள். ஊருக்கு அது வியப்பாகவும் சற்று வருத்தமாகவும் இருந்தது. 1937, 1938, 1940 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். கணவனும் மனைவியும் சேர்ந்து செபித்தனர்; திருவிவிலியம் வாசித்தனர். இவ்வளவு மகிழ்ச்சியாக மணவாழ்வு இருக்கக்கூடும் என்று தாம் நினைத்ததே இல்லை என ஃபிரான்ட்ஸ் மனைவியிடம் சொன்னதுண்டு. அவரை மாற்றியது அவள்தான் என்று ஊரார் பேசிக்கொண்டனர். அன்று அது பாராட்டு. ஏழு ஆண்டுகளுக்குப்பின் அதே சொற்கள் குற்றச்சாட்டாக மாறின.

1938 மார்ச்சில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவிற்குள் நுழைந்தது. இணைப்பை ஏற்று வாக்களிக்குமாறு கர்தினால் இன்னிட்சர் தலைமையில் ஆஸ்திரிய ஆயர்களே அறிக்கையிட்டனர். இதே லின்ஸ் மறைமாவட்டத்தின் ஆயர் க்ஃபோல்னர் 1933 ஜனவரியில், நல்ல கத்தோலிக்கனாகவும் உண்மையான நாட்சியாகவும் ஒருவன் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று சுற்றுமடல் எழுதியிருந்தார். அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்சிக் கொள்கை மாறிவிடவில்லை. ஏப்ரல் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் ‘இல்லை’ என்று குறித்தவர் சாங்ட் ராடெகுண்டில் ஒருவர் மட்டுமே. அந்த ஒரு வாக்கையும் ஊர் அதிகாரிகள் கணக்கிலிருந்து நீக்கி, நூற்றுக்கு நூறு ஆதரவு என்று மேலிடத்திற்கு அறிவித்தனர். இதில் ஓரளவு நல்லெண்ணமும் கலந்திருக்கலாம். தங்கள் ஊரானைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஃபிரான்சிஸ்கா அந்நாளில் கணவரோடு வாதிட்டார். எல்லாரும் போல வாக்களித்தால் என்ன என்று கேட்டார். குழந்தை கையில், இன்னொன்று வயிற்றில் இருந்தபோது கேட்ட கேள்வி அது. மறைசாட்சியின் மனைவி முதல் நாளிலிருந்தே அவருடைய எண்ணத்தோடு முற்றும் ஒன்றியிருந்தார் என்று எழுதுவது எளிது, அது உண்மையன்று. அவர் அஞ்சினார், மன்றாடினார், பிறகு மெல்ல மெல்லத் தாமே ஒரு முடிவுக்கு வந்தார். உறவினரும் அயலாரும் ஒருவர் பின் ஒருவராகக் கணவரைச் சூழ்ந்துகொண்டு வாதிட்டதைக் கண்டபோது, தாமும் அவர்களோடு சேர்ந்தால் அம்மனிதருக்கு உலகில் யாருமே இருக்கமாட்டார்கள் என்பது அவருக்கு விளங்கிற்று. அன்றுமுதல் அவர் எதிர்த்துப் பேசவில்லை.

வாக்குச்சீட்டோடு அம்மறுப்பு நிற்கவில்லை. நாட்சி அரசு குழந்தைகளுக்குத் தந்த உதவித்தொகையை ஃபிரான்ட்ஸ் வாங்க மறுத்தார். புயலில் பயிர் அழிந்தபோது வந்த நிவாரணத்தையும் வேண்டாம் என்றார். அக்கட்சி திரட்டிய நிதிகளுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. உழவுத்தொழில் அறிந்த வாசகர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மறுத்தவர் அவர், மறுத்த பணத்திற்கு ஈடாகச் சிக்கனம் பிடித்தது அடுப்படி.

1940 ஜூனில் முதல் அழைப்பு வந்தது. ஊர்த் தலைவர் தலையிட்டதால் சில நாள்களில் திரும்பினார். அக்டோபரில் மீண்டும் அழைப்பு. 1941 ஏப்ரல் வரை எஞ்சு நகரில் பயிற்சி. அப்போதும் ஊர்த் தலைவரின் முயற்சியாலேயே பண்ணைக்கு இன்றியமையாதவர் என்று விடுவிக்கப்பட்டார். அவ்வூராரைக் கல்மனத்தினர் என்று சித்திரிப்பவர்கள் இதனை நினைவில் கொள்ளவேண்டும். படைமுகாமில் கண்டவற்றையும், மனநோயாளிகளை நாட்சிகள் கொன்றொழித்து வந்ததைப்பற்றிக் கேள்வியுற்றவற்றையும் மனத்தில் அசைபோட்டபடி அவர் வீடு வந்தார். தமது கோவிலின் கோவில்பிள்ளையாகப் பொறுப்பேற்றார். நாள்தோறும் நற்கருணை வாங்கினார். இனி அழைத்தால் போகப்போவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லத் தொடங்கினார்.

அப்போது அவரிடம் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: குடும்பத்தை நினைத்துப் பார். தாய் ரோசாலியா அழுது சொன்னார். உறவினரைத் திரட்டிவந்து சொல்லவைத்தார். தந்தையில்லாக் குழந்தையைத் தாம் வளர்த்த நாள்கள் அத்தாயின் நினைவில் இருந்திருக்கும். பங்குப் பொறுப்பிலிருந்த இளங்குரு ஃபூர்ட்ஹௌவர் சொன்னார். அவருக்கு முன் அங்குப் பங்குத்தந்தையாயிருந்து, ஒரு மறையுரைக்காகச் சிறைவைக்கப்பட்டு, பின்னர் பங்கிலிருந்தும் அகற்றப்பட்ட கரோபாத் அடிகளாரும் சொன்னார். இறுதியில் ஃபிரான்ட்ஸ் லின்ஸ் நகருக்குச் சென்று ஆயர் ஃபிளீசரைக் கண்டார். தாம் எழுதிக் கொண்டுசென்ற கேள்விகளை அவர்முன் வைத்தார். இந்தப் போர் நீதியற்றது என்று ஒருவன் மனச்சான்று கூறும்போது அவன் அதில் போரிடலாமா என்பதே அவற்றின் சாரம். ஆயரின் மறுமொழி சுருக்கமானது: அரசின் செயல்களுக்குத் தனிக் குடிமகன் பொறுப்பாளி அல்லன், உன் பொறுப்பு உன் குடும்பம்.

உடன் சென்றிருந்த ஃபிரான்சிஸ்கா வெளியே காத்திருந்தார். கணவர் வருத்தத்தோடு வெளியே வந்ததாகவும், அவர்கள் துணியமாட்டார்கள், துணிந்தால் அடுத்து அவர்கள் முறை என்று தம்மிடம் கூறியதாகவும் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். வந்திருப்பவன் உளவாளியாக இருக்கலாம் என்று ஆயர் அஞ்சியதாக ஃபிரான்ட்ஸ் நினைத்தார். ஆயர் பின்னர் எழுதியவற்றைப் பார்க்கும்போது, அவர் அஞ்சி மறைக்கவில்லை, நம்பியதையே சொன்னார் என்றுதான் கொள்ளவேண்டியுள்ளது. குருமடங்களில் ஒழுக்க இறையியல் பயின்ற எவருக்கும் அந்த விடை புதியதன்று. ஐயம் எழுமிடத்து அதிகாரத்தின் பக்கமே நியாயம் இருப்பதாகக் கொள்க என்பது பழைய பாடநூல்களின் மரபு. ஆனால் ஃபிரான்ட்சுக்கு ஐயமே இல்லை. ஐயமில்லாதவனுக்கு ஐயமுடையவனுக்குரிய மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

குடும்பத்தை நினைத்துப் பார் என்றதில் தவறு இருந்ததா? மூன்று சிறு பெண்களுக்குத் தந்தையான முப்பத்தைந்து வயது உழவரிடம் யாரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவரும் நினைத்துப் பார்க்காமல் இல்லை. தம் குறிப்புகளில் அவர் இதற்கு எழுதிவைத்த விடையின் போக்கு இது: மனைவி மக்கள் இருப்பதால் பிறரைக் கொல்வதும் கடவுளை மனம் நோகச்செய்வதும் நியாயமாகிவிடுமா? தந்தையினும் தாயினும் பிள்ளைகளினும் மேலாகத் தம்மை அன்புசெய்யுமாறு ஆண்டவர் கேட்டது துறவியரை மட்டும்தானா? இவ்விடைக்கு எதிராக அவருடைய நண்பர்களால் எதுவும் கூற இயலவில்லை. மறைநூலை வைத்து வாதிட்டால் அவரே வென்றார் என்று கரோபாத் அடிகளாரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1943 பிப்ரவரியில் மூன்றாம் அழைப்பு வந்தது. மார்ச் முதல் நாள் எஞ்சுக்குச் சென்று, மறுநாள் போரிட மறுப்பதாகத் தெரிவித்தார். லின்ஸ் நகரில் ஊர்சுலைன் கன்னியர் மடத்தைக் கைப்பற்றி அமைத்திருந்த ராணுவச் சிறையில் இரண்டு மாதங்கள். மே மாதம் முதல் பெர்லினின் தேகல் சிறை. மருத்துவ உதவியாளாகப் பணிபுரிய ஆயத்தமாயிருப்பதாக அவர் கூறியதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜூலை 6 அன்று ராணுவத் தலைமை நீதிமன்றம், படைவலிமையைச் சீர்குலைத்த குற்றத்திற்காக அவருக்கு மரணதண்டனை விதித்தது.

அந்த மாதங்களில் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்று அச்சில் உள்ளன. அவற்றைக் கையில் எடுப்பவர் ஆழ்ந்த இறையியலை எதிர்பார்த்தால் ஏமாறுவார். பண்ணைச் செய்திகள்தாம் பக்கம் பக்கமாக. என்ன விதைத்தாயிற்று, புல் அறுத்தாயிற்றா, குழந்தைகள் என்ன குறும்பு செய்கின்றன, யார் உதவிக்கு வந்தார்கள், யார் வரவில்லை. சிறையிலிருப்பவர் வயல்வேலைக்கு யோசனை சொல்கிறார்; வேலை எல்லாம் மனைவியின் தலையில் விழுந்ததற்கு வருந்துகிறார். மனைவி தம் களைப்பை முழுவதும் எழுதுவதில்லை. ஒருமுறை ஒரு நிழற்படம் சிறைக்குச் சென்றது. மூன்று பெண் குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் ஏந்தியிருக்கும் பலகையில் ‘அன்புள்ள அப்பா, சீக்கிரம் வாருங்கள்’ என்று எழுதியிருக்கிறது. எழுதப்படிக்கத் தெரியாத வயதினர் அவர்கள். அதை எழுதியவர் பெரியவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அறையில் அப்படத்தை வைத்துக்கொண்டு தம் மறுப்பில் நிலைத்திருப்பது எத்தகையது என்பதை ஒருவரும் அவரிடம் கேட்டு எழுதிவைக்கவில்லை.

தீர்ப்புக்குப்பின் ஃபிரான்சிஸ்கா இளங்குரு ஃபூர்ட்ஹௌவரோடு பெர்லினுக்குப் பயணம் செய்தார். குண்டுவீச்சுக் காலத்தில் நாட்டுப்புறப் பெண்ணொருத்தி மேற்கொண்ட அந்த நெடும் தொடர்வண்டிப் பயணத்தின் முடிவில் கிடைத்தது ஏறக்குறைய இருபது நிமிடச் சந்திப்பு. உடன் வந்த குரு, அந்த இருபது நிமிடங்களிலும் மனத்தை மாற்றிக்கொள்ளுமாறு அவரை வேண்டினார். மனைவி வேண்டவில்லை. அதற்குப்பின் அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பிரான்டன்பர்க் சிறையில் கில்லட்டினால் தண்டனை நிறைவேற்றப்பட்டது. கடைசி நாளிலும் அவர் வீட்டிற்குக் கடிதம் எழுதி, தம்மால் நேர்ந்த துன்பத்திற்காக மனைவியிடமும் தாயிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தார். அன்று உடனிருந்த யோக்மன் என்னும் குரு, வாழ்க்கையில் தாம் சந்தித்த ஒரே புனிதர் அவர் என்று அங்கிருந்த ஆஸ்திரியக் கன்னியரிடம் கூறினார்.

பண்ணைக்கு அச்செய்தி வந்தபின் நடந்தவையே இங்கு நான் முக்கியமாகக் கூற விரும்புபவை.

ஊர் ஃபிரான்சிஸ்காவைக் குற்றவாளியாக்கியது. அவளுடைய மிதமிஞ்சிய பக்திதான் நல்ல உழவன் ஒருவனைப் பித்தனாக்கிற்று என்றனர். பிள்ளைகளை அநாதையாக்கிவிட்டுப் புனிதனாகப் பார்த்தானே என்றனர். போர் முடிந்தபின்பும் அப்பேச்சு ஓயவில்லை. சிறுமிகளின் காதிலும் விழுந்தது. வீட்டுக்குள்ளேயும் நிம்மதி இல்லை. மகனைத் தடுத்து நிறுத்தியிருக்கக்கூடியவள் மருமகள் ஒருத்திதான், அவள் தடுக்கவில்லை என்பது ரோசாலியாவின் தீராத மனத்தாங்கல். முதற்போரில் குழந்தையின் தந்தையையும், இரண்டாம் போர்க்காலத்தில் அந்தக் குழந்தையையும் பறிகொடுத்த கிழவி அவர். இரு விதவைகளும் ஒரே கூரையின்கீழ், ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே வயலில் உழைத்து வாழ்ந்தார்கள். வீரர்களின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய அடுப்படிகளுக்குள் நுழைவதில்லை.

ஊராரைக் கண்டித்துவிட்டு நகர்ந்துவிடவும் இயலாது. அச்சிற்றூரின் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண்கள் போருக்குப் போயிருந்தனர். பலர் உருசியப் பனியில் புதைந்தனர். அவர்களுக்கும் மனைவியர் இருந்தனர், குழந்தைகள் இருந்தனர். ஃபிரான்ட்ஸ் செய்தது சரி என்றால் எங்கள் பிள்ளைகள் எதற்காக இறந்தார்கள்? இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்கும் துணிவு யாருக்கும் இல்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வி வசையாக மாறி ஃபிரான்சிஸ்காவின் வாசலில் வந்து விழுந்தது. போரில் இறந்தோரின் நினைவுக்கல்லில் ஃபிரான்ட்சின் பெயரைப் பொறிப்பதா வேண்டாமா என்று எழுந்த வழக்கும் இவ்வகையினதே. கரோபாத் அடிகளார் பங்குக்குத் திரும்பி வந்து வற்புறுத்தியதால் அப்பெயர் இடம்பெற்றது.

அரசோ போரில் வீழ்ந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கியது. ஃபிரான்ட்ஸ் போரில் வீழ்ந்தவர் அல்லர். நாட்சி ஆட்சி வீழ்ந்து, ஆஸ்திரியா மீண்டும் குடியரசாகி, இட்லரை எதிர்த்ததே பெருமை என்று மேடைகளில் பேசப்பட்ட பின்னும், இட்லரை எதிர்த்து இறந்தவரின் மனைவிக்கு ஓய்வூதியம் 1950 வரை கிடைக்கவில்லை. கொடுங்கோலன் கொடுத்த பணத்தை அந்த வீடு தானாக வேண்டாமென்றது. அவன் போனபின் வந்த அரசு தரவேண்டியதைத் தானாகத் தரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பண்ணை நடந்தது ஃபிரான்சிஸ்காவின் கைகளால். கணவர் பார்த்துவந்த கோவில்பிள்ளை வேலையையும் அவரே ஏற்றுச் செய்தார். தம்மைத் தூற்றியவர்கள் முழந்தாளிட்டு வணங்கும் பீடத்தின் விரிப்புகளை விரித்து, மெழுகுதிரிகளை ஏற்றினார்.

திருச்சபை என்ன செய்தது? இது மறைமாவட்ட இதழ் ஒன்றின் பக்கத்தில் அச்சாகும் கட்டுரையாதலால் இதனை ஒளிக்காமல் எழுதுவது தகும். 1946-இல் ஃபிரான்ட்சைப்பற்றிய ஒரு கட்டுரை லின்ஸ் மறைமாவட்ட இதழில் வெளியிட அளிக்கப்பட்டது. ஆயர் ஃபிளீசர் அதைத் தடுத்தார். அவர் கூறிய காரணம் இது: ஃபிரான்ட்ஸ் தவறான மனச்சான்றை நேர்மையாகப் பின்பற்றியவராகலாம், ஆனால் தம் கடமை என்று கருதிப் போரிட்டு மாண்ட இளம் கத்தோலிக்கரும் குருமாணவரும் குருக்களுமே பெரிய வீரர்கள். ஆக, குடும்பத்தை நினைத்துப் பார் என்று கணவனுக்கு அறிவுரை கூறிய அதே அதிகாரம், அந்தக் குடும்பத்தின் காயத்திற்கு மருந்தாகியிருக்கக்கூடிய நான்கு வரிகளை அச்சிட மறுத்தது. ஒரு மனிதனைத் தடுத்து நிறுத்தும் வரையில் குடும்பம் எல்லாருடைய நாவிலும் இருந்தது. அவர் இறந்தபின் அச்சொல்லை யாரும் எடுக்கவில்லை. அந்த அறிவுரை மேற்சொன்ன இளங்குருவிடம் உண்மையான கவலையாகவும், வேறு பலரிடம் வெறும் வாதமாகவும் இருந்தது என்பதற்கு ஃபிரான்சிஸ்காவின் பின்னைய ஆண்டுகளே சான்று.

அதே 1946-இல் ஃபிரான்ட்சின் சாம்பலைக் கன்னியர் பிரான்டன்பர்க்கிலிருந்து கொண்டுவந்து சேர்த்தனர். மூன்றாம் நினைவுநாளில் ஊர்க் கோவிலின் சுவரோரம் அது அடக்கம் செய்யப்பட்டது. விரும்பியபோது சென்று நிற்பதற்கு ஃபிரான்சிஸ்காவிற்கு ஓர் இடமாவது கிடைத்தது. போரில் கணவரை இழந்த அவ்வூர்ப் பெண்கள் பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

வெளியுலகம் இவ்வீட்டைக் கண்டுகொண்டது ஓர் அமெரிக்கரால். கோர்டன் ஸான் என்னும் கத்தோலிக்கச் சமூகவியலாளர், தாமும் மனச்சான்றின் பேரில் அதே போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். இட்லரின் போர்களில் ஜெர்மன் கத்தோலிக்கரின் நிலையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஃபிரான்ட்சைப்பற்றிய குறிப்பு அவர் கண்ணில் பட்டது. சாங்ட் ராடெகுண்டுக்கு வந்து ஃபிரான்சிஸ்காவையும் ஊராரையும் நேரில் கண்டு 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊரார் அவரிடம் ஃபிரான்ட்சை நல்லவர், உழைப்பாளி, ஆனால் அந்த ஒன்றில் மட்டும் புத்தி பேதலித்துவிட்டது என்றே கூறினர்.

அடுத்த ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுப்பேரவை இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டை ஆய்ந்துகொண்டிருந்தது. அப்போது இந்தத் தனி உழவரின் மறுப்பைப் பேரவையின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். ஆங்கிலேயரான அந்த இயேசு சபையாரை நம் நாடு அறியும். பம்பாயின் பேராயராயிருந்து, இந்தியர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கவேண்டும் என்பதற்காக 1950-இல் பதவி துறந்தவர். அத்திரட்டின் 79-ஆம் எண், மனச்சான்றின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்துடன் வழிசெய்ய வேண்டும் என்று கேட்கிறது. லின்ஸ் ஆயரகத்தில் விடை கிடைக்காத கேள்விக்கு இருபது ஆண்டுகள் கழித்து உரோமையில் கிடைத்த விடையின் ஒரு பகுதி இது.

அதன்பின் செய்திகள் விரைந்தன. 1971-இல் ஆஸ்திரியத் தொலைக்காட்சிக்காக ஒரு படம் எடுக்கப்பட்டது. எர்னா புட்ஸ் என்னும் பெண்மணி ஃபிரான்சிஸ்காவின் நம்பிக்கையைப் பெற்று, 1985-இல் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கடிதங்களையும் குறிப்புகளையும் பதிப்பித்தார். பல்லாண்டுகளாக அந்த வீட்டில் பத்திரமாக இருந்த தாள்கள் அவை. யாரும் கேட்காத காலத்திலும் அவற்றை எரிக்காமலும் இழக்காமலும் வைத்திருந்த ஒரு கை இல்லாவிட்டால் இன்று அருளாளரும் இல்லை, திரைப்படமும் இல்லை. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் 1943-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கியது. சட்டத்தின் பார்வையில் ஃபிரான்சிஸ்கா குற்றவாளியின் மனைவியாக இருந்தது ஐம்பத்து நான்கு ஆண்டுகள்.

2007 அக்டோபர் 26 அன்று, ஆஸ்திரியாவின் தேசிய நாளில், லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ட்சை அருளாளராக அறிவிக்கும் திருப்பலி நடந்தது. எந்த மறைமாவட்டத்தின் இதழ் அவர் பெயரை அச்சிட மறுத்ததோ அதே மறைமாவட்டத்தின் பேராலயம். முன்வரிசையில் தொண்ணூற்று நான்கு வயதான ஃபிரான்சிஸ்கா மகள்களோடு அமர்ந்திருந்தார். கணவரின் திருப்பண்டம் அடங்கிய பேழையை அவர்தான் ஏந்தி வந்தார். ஆயரிடம் கொடுக்குமுன் ஒரு கணம் நிறுத்தி அதை முத்தமிட்டார். 2013 மார்ச் 4 அன்று அவருக்கு நூறு வயது நிறைந்தது. அடுத்த பன்னிரண்டாம் நாள் சாங்ட் ராடெகுண்டில் காலமானார்.